அலையை நிறுத்தி வைத்த முட்டி

முதலில் சத்தம்தான் வரும், ஆள் பிறகுதான் வருவாள். காய்ந்த சிப்பி ஓட்டை யாரோ செருப்புக்காலால் மெல்ல மெல்ல மிதிப்பதுபோல ஒரு நொறுநொறுப்பு சந்துமுனையில் கேட்கும், கேட்டதுமே மேட்டுத்தெருப் பெண்கள் புளியைக் கரைக்கத் தொடங்குவார்கள், பூனைகள் மதிலிலிருந்து இறங்கி வாசலில் வந்து குந்தும், அதற்கும் நெடுநேரம் கழித்தே தலையில் அலுமினியச் சருவமும் சருவத்தில் சாளை மீனும் கடைவாயில் வெற்றிலையுமாகச் சலேத்தம்மாள் திருப்பத்தில் தென்படுவாள். சத்தம் அவளுடைய வலது முட்டியிலிருந்து வந்தது. பாறையடித்துறைக் கடற்கரையிலிருந்து மேட்டு ஊர்கள்வரை சுமடு சுமந்து சுமந்து, பஸ்காரன் மீன்வாடை என்று ஏற்றாமல் போன நாளெல்லாம் நடந்து நடந்து, அந்த முட்டிக்குள் இருந்ததெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

அவள் புருஷன் வள்ளத்தில் போனவன். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. பிள்ளை கிடையாது. தம்பி அருளப்பன் வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தாள். அருளப்பன் சிப்பி எடுக்கிறவன், ஊருக்கு எதிரே கடலுக்குள் நிற்கிற பாறையில் மூழ்கி, அலை இழுக்கிற இழுப்புக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பியைக் கொத்திப் பெயர்த்துக் கொண்டுவருவான். அவன் பெண்சாதி பிரகாசியம்மாள் கெட்டவள் இல்லை. சோறு போடும்போது ஒரு பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள்கூடத் தன்னால் உட்கார்ந்து தின்ன முடியாது என்று சலேத்தம்மாளுக்குத் தெரியும். சருவம் தலையில் இருக்கிறவரை அது அவள் கொண்டுவந்த சோறு, சருவம் கவிழ்ந்த நாளிலிருந்து அது பிரகாசி போடுகிற சோறு. உலகத்தில் அவளுக்கிருந்த பயம் இது ஒன்றுதான். கடலுக்குக்கூட அவள் பயந்ததில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு குருத்து இருக்கும்மா. உங்களுக்கு அது கிழிஞ்சு தொங்குது.”

“தைக்கப்பிடாதா?”

“தைச்சா நூலே அறுத்திரும். அதுல ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடம் தானா ஆறாது.”

“பின்ன?”

“சுமடு எடுக்காதீங்க.”

சலேத்தம்மாள் சிரித்தாள். “மீனத் தலையில வைக்காம, மடியில வச்சுத் தாலாட்டிக்கிட்டா போவேன்?” என்று கேட்டுவிட்டு எழுந்தாள், எழும்போது முட்டி போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் வினோலியா ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். டவுனில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் பசை செய்கிறவள், கிழிந்த குருத்தெலும்பை ஒட்டவைக்கிற பசை. மலையோரத்தில் ரப்பர் வெட்டுகிற ஒருத்தியின் மகள். அந்தத் தாயும் மரத்துக்கு மரம் குனிந்து குனிந்து முட்டி போய், இப்போது அடுக்களைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்கிறாள் என்று ஊரில் பேச்சு. சிப்பி கழுவும்போது பெண்கள் பிய்த்து எறிகிற நாரை, சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்கிற அந்தக் கறுத்த தாடியை, அவள் பொறுக்கி ஐஸில் போட்டுக்கொண்டு போவாள். அவளுக்கு நாரு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

“நாரையெல்லாம் கொண்டுபோயி சேலை நெய்யப் போறியளா டாக்டரே?”

“ஆமா, உங்க மகளுக்குக் கல்யாணப் புடவை.”

“கட்டிக்கிட்டா அவுக்க முடியாதுல்லா?”

“அதுக்குத்தான்.”

கடையில் வாங்கிய ஆட்டுமுட்டிகளில்தான் அவள் பசையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். குருத்தைக் கீறி, பசை தடவி, நீட்டி மடக்குகிற ஒரு இயந்திரத்தில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். காய்ந்த இடத்தில் உடும்புபோலப் பிடித்துக்கொள்கிற பசையெல்லாம் முட்டிக்குள் ஊறுகிற வழுவழுப்பான நீர் பட்டதும் வெங்காயத்தோல்போல உரிந்து வந்துவிடும், மறுபடி கீறி, மறுபடி தடவி, மறுபடி உரிந்து, கல்யாணப் பேச்சுகளையெல்லாம் தள்ளிவிட்டு அவள் இதையே செய்துகொண்டிருந்தாள். வழுக்குவதற்கென்றே படைத்த இடத்தில் ஒட்டவைக்கப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று கூட இருந்தவர்கள் விலகிப்போனார்கள். கடலுக்குள், உப்புத் தண்ணீருக்குள், அலை அடிக்க அடிக்கப் பிடி இறுக்குகிற ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது இந்தச் சிப்பி நார்தான் என்று அவள் கண்டுகொண்டு வந்த இடம் பாறையடித்துறை. வேறு கரைச் சிப்பிகளின் நாரிலும் செய்து பார்த்தாள், ஒட்டவில்லை. இந்தப் பாறையின் நாரில் எடுத்த சாறுதான் ஆட்டுமுட்டியில் நின்றது.

ஒரு மனித முட்டியில் வைத்துப் பார்க்க அனுமதி வந்த வாரம் அவள் நார் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் அந்த நொறுநொறுப்பு கேட்டது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “அக்கா, உள்பக்கம் கிழிஞ்சிருக்கு.”

“முதுகுல கண்ணு வச்சிருக்கியளா?”

“காதுதான். ஒட்டிப் பாக்கலாமா? ஒட்டாமலும் போகலாம், அதையும் சொல்லிடுறேன்.”

“ஒட்டினா சுமடு எடுக்கலாமா?”

“ஒட்டினா எடுக்கலாம். ஆனா ரெண்டு மாசம் முட்டிய மடக்கக் கூடாது. ஒரு தடவகூட. குருத்து உள்ள வளந்து பசைய விழுங்கணும், அதுவரைக்கும் அசைவே கூடாது.”

சலேத்தம்மாள் சருவத்தை இறக்கிவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன நேரத்தில் பிரகாசி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறக்க நேரமானது, பயம் கூடியது, பயம் கூடக்கூட அவள் ஒரு காரியம் செய்தாள்: மைனிக்குக் கால் நல்லபடியானால், வருகிற திருநாளுக்குள் மைனி கடற்கரையிலிருந்து மாதா கோயில் பீடம்வரை முழங்காலால் நடந்து வருவாள் என்று நேர்ந்துகொண்டாள். மணலில் முழங்காலால் போவது அந்தக் கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற நேர்ச்சை. நெஞ்சுவலிக்கும், கடன் தொல்லைக்கும், பிள்ளை இல்லாததற்கும் முழங்காலால்தான் போவார்கள். முட்டிக்கும் முழங்காலால்தான் போகவேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு தப்பும் தோன்றவில்லை.

ஜீப்பில் திரும்பி வரும்போது சந்தோஷமாகச் சொன்னாள். சலேத்தம்மாள், இடுப்பிலிருந்து பாதம்வரை பலகை வைத்துக் கட்டிய காலைப் பார்த்தாள், பிரகாசியைப் பார்த்தாள்.

“எங்காலுக்கு நீ எதுக்குட்டீ நேர்ந்த? உனக்குக் கால் இல்லியா?”

“எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்குல்லா மைனி.”

“ஒட்டட்டும். ஒட்டின பொறகு பாப்போம்.”

அவளைக் கட்டிலோடு தூக்கிப் பின்கட்டு அறையில் ஜன்னலோரம் இறக்கி, கட்டிய காலைத் தலையணைமேல் வைத்து நேராக்கிய அந்த நேரத்தில், பாறையடித்துறையில் அலை நின்றது.

வடக்கே சுறாமூக்குக் கல்லிலிருந்து தெற்கே தூண்டில் வளைவுவரைக்கும் நின்றது. கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அலை வரவேண்டாம் என்று நினைத்ததுபோல அப்படியே தாழ்ந்து பரந்து, தண்ணீர் குளத்துத் தண்ணீராகி, காக்கா நிழல் அதில் ஆடாமல் தெரிந்தது. சுறாமூக்குக் கல்லுக்கு அந்தப் பக்கம், வடக்கூரில், எப்போதும்போல அலை அடித்தது, நுரை கல்லில் ஏறி இந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு வழிந்து இறங்கியது. கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, தள்ளுவதற்கு லேசாக இருக்கிறதே என்று தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதல் நாட்கள் நல்ல நாட்கள். கச்சான் காற்றுக் காலத்தில் கரையேற முடியாமல் கவிழ்கிற வள்ளம் ஒன்றுகூடக் கவிழவில்லை. அருளப்பனும் மற்றவர்களும் பாறையில் மாம்பழம் பறிப்பதுபோலச் சிப்பி பறித்தார்கள். பெண்கள் கரை விளிம்பிலேயே துணி அலசினார்கள். வடக்கூர்க்காரர்கள் எல்லையான சுறாமூக்குக் கல்மேல் ஏறி நின்று, “ஏலே, கடலுக்குச் சுளுக்கா?” என்று கேட்டார்கள், இவர்கள், “எங்க கடலு எங்க சொல்லு கேக்கும்லே, உங்கது அடங்காப்பிடாரி” என்று திருப்பிச் சொன்னார்கள். தூக்கம்தான் போயிற்று. பிறந்ததிலிருந்து காதில் இருந்த இரைச்சல் இல்லாமல் ஊரே கண் விழித்துக் கிடந்தது. தாய்மார்கள் முறத்தில் அரிசியைப் போட்டு இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பிள்ளைகளை உறங்கவைத்தார்கள், பிறகு புருஷன்மார்களும் தங்களுக்கும் கொஞ்சம் அரிசி சாய்க்கச் சொன்னார்கள், அரிசியால் செய்த கடல் வீட்டுக்கு வீடு கேட்டது.

சலேத்தம்மாள் மட்டும் நன்றாகத் தூங்கினாள். வலி இல்லாமல் தூங்கிப் பழக்கமில்லாததால் அவளுக்கு வேறெதுவும் குறைவாகத் தெரியவில்லை.

எதனால் நின்றது என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. ஒரு கோழி ஜன்னல் வழியாகப் பறந்து அவள் வயிற்றில் இறங்க, அவள் திடுக்கிட்டுக் காலை இழுத்தாள். பலகைக்குள் முட்டி ஒரு விரற்கடை மடங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த நிமிஷம் கடலிலிருந்து ஒரே ஒரு அலை எழுந்து வந்து, காயப்போட்டிருந்த வலைகளையும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களையும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. பங்குப் பேரவைத் தலைவர் கித்தேரியான், ரெண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கடலைப் பார்த்தார், பிறகு அருளப்பன் வீட்டைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஊர் அவளை முட்டையைப்போல வைத்துக்கொண்டது. அவளுக்குக் குளிக்கத் தண்ணீர் சுமக்க முறை போட்டார்கள். உட்கார்ந்தபடியே காலை நீட்டிக்கொள்ள ஒரு நாற்காலியை வள்ளம் கட்டுகிற ஆசாரி செய்து கொடுத்தார். கோழிகளைக் கட்டிப்போட வேண்டும் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வள்ளம் கடலுக்குள் இருக்கும்போது சலேத்தம்மாளுக்குத் தும்மல் வரும் பொருட்களை யாரும் அந்தத் தெருவில் வறுக்கக் கூடாது என்று கித்தேரியான் ஒரு சட்டம் கொண்டுவந்தார், மிளகாய் வறுத்த ஒருத்திக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்தது.

“காலு எப்படியிருக்கு சலேத்து?” என்று கேட்காமல் யாரும் வாசலைத் தாண்டவில்லை. வாழ்நாளில் இத்தனை பேர் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

வினோலியா வாரம் தவறாமல் வந்தாள். அலை நின்றதைப் பற்றி அவளும் அதிகம் பேசவில்லை. அவளுக்கு முட்டிதான் முக்கியம். ஒரு மத்தியானம் ஸ்கேன் படத்தோடு ஓடிவந்தாள், செருப்பைக்கூட வாசலில் விடவில்லை.

“அக்கா, இந்த வெள்ளைக் கோடு பாருங்க. இது பசை இல்ல. இது உங்க குருத்து. உள்ள வளருது.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான். இன்னும் பாதிக் காலம். பாதிக் காலம் பொறுத்திட்டா நீங்க நடப்பீங்க. சுமடோட நடப்பீங்க.”

சலேத்தம்மாள் அந்தப் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மேட்டுத்தெருவில் யார் யார் வீட்டில் இப்போது யாரிடம் மீன் வாங்குகிறார்கள், தான் திரும்பிப் போனால் முதலில் எந்த வாசலில் சருவம் இறக்குவாள் என்று சொல்லிக்கொண்டே போனாள், வினோலியா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிரகாசி இருவருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள், பெருமூச்சு விடவில்லை.

அந்த வாரம்தான் கடல் நாற ஆரம்பித்தது.

முதலில் விளிம்பில் ஒரு பச்சைப் படலம். பிறகு சொறிமீன்கள் வந்து, திரும்பிப் போகத் தள்ளிவிட அலை இல்லாமல் அங்கேயே கரைந்து கிடந்தன. நெத்திலி கரைப்பக்கம் வருவதை நிறுத்தியது. தொலைவுக்குப் போய்ப் பிடிக்கலாம் என்றால் வடக்கூர்க்காரர்கள் எல்லை தாண்டக் கூடாது என்றார்கள். சுளுக்குக் கடல்காரர்களோடு தொழில் செய்தால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். வீடுகளில் முதலில் மீன் குறைந்தது, பிறகு குழம்பு குறைந்தது, பிறகு முறத்தில் சாய்க்கிற அரிசியையே எடுத்து உலையில் போட்டார்கள். பிள்ளைகள் மறுபடி அழுதன.

அருளப்பன் பாறையில் மூழ்கி வந்து ஒரு சிப்பியை அக்காள் ஜன்னல் விளிம்பில் வைத்தான். அது வாய் திறந்திருந்தது. நார் சோற்றுக் கஞ்சிபோலக் குழைந்திருந்தது. அலை அடித்தால்தான் சிப்பிக்குத் தீனி. அலை இழுத்தால்தான் அது நார் விட்டுப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்குத் தேவை இல்லாமல் போனதும் அவை ஒவ்வொன்றாகக் கையை விட்டுவிட்டு அடியில் போய் விழுந்துகொண்டிருந்தன.

“ஏலே, நீயும் கேக்க வந்தியா?”

“நான் ஒண்ணும் கேக்கல்ல அக்கா.”

“கேக்காதவன் எதுக்குலே சிப்பியக் கொண்டுவந்த?”

அவன் திரும்பி நடந்தான். சிப்பியை எடுத்துக்கொள்ளவில்லை.

காலை மடக்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, இதை ஊரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் காலை உடைத்து வயிறு நிரப்புகிற ஊர் இல்லை அது, அப்படி யாராவது சொன்னால் அடித்திருப்பார்கள். அவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள். ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு, தாழ்ந்த குரலில், மிகுந்த பக்தியோடு கேட்டார்கள்.

“நேர்ச்சை ஒண்ணு கெடக்குல்லா சலேத்து, அது எப்ப?”

“ஒட்டட்டும்.”

“ஒட்டிட்டுன்னு டாக்டரம்மா சொன்னாவளே. படத்துல காட்டினாவளாமே.”

“பாதிதான் ஒட்டிருக்கு.”

“மாதாகிட்டப் பாதி முழுசுன்னு கணக்குப் பாக்கலாமா, நீயே சொல்லு.”

மறுநாள் வேறொருத்தி. அதற்கு மறுநாள் ரெண்டு பேர். தண்ணீர் சுமக்க வந்தவள் கேட்டாள், நாற்காலி செய்த ஆசாரி கேட்டார், நேர்ச்சைக் கடனை இழுத்தடித்துக் குடும்பம் அழிந்த கதைகளை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். ‘காலு எப்படியிருக்கு’ என்பது ஊரிலிருந்து மறைந்தே போனது. பிரகாசி ஒரு மூலையில் உட்கார்ந்து, “நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் மைனி, என் நாக்குல புழு பத்த” என்று தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் நேர்ச்சையை வாபஸ் வாங்கலாமா என்று சலேத்தம்மாள் கேட்டபோது அவள் முகம் வெளிறிப்போனது; கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அந்தக் கரையில் ஒருவருக்கும் தெரியாது.

பங்குச்சாமி இளவயதுக்காரர், நல்லவர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், அடுத்தவர் காலுக்கு நேர்ந்துகொள்வது செல்லாது, கடவுள் அப்படிக் கேட்கிறவர் இல்லை என்று தெளிவாகவே சொன்னார். யாரும் மறுக்கவில்லை. பூசை முடிந்ததும் கித்தேரியான் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

“நீங்க சொன்னது செரிதான் சாமி. நீங்க வெளியூர். மூணு வருசத்துல மாத்தலாகிப் போயிருவிய. அந்தத் தண்ணிக்கு முன்னால நாங்கதான் இருக்கணும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பட்டினியில் மெலிந்த இடுப்பில் வேட்டி நிற்காமல் இரண்டாகச் சுற்றிக் கட்டியிருந்தார்.

சலேத்தம்மாள் பொறுத்தாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்தின ஜன்னல் வழியாக நாற்றம் வந்தது, தூக்குவாளிகள் வருவது நின்றது, அவள் தன் பங்குச் சோற்றில் பாதியை அருளப்பன் தட்டில் தள்ளப் பிரகாசியிடம் சொன்னாள், அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள், அவள் விடமாட்டாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அதையே ஜெபமாலையாக உருட்டிக்கொண்டு, தலையணைக்கு அடியில் கைவிட்டு அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வினோலியா வந்தாள். ஐஸ்பெட்டி கையில் லேசாக ஆடியது, உள்ளே ஒன்றுமில்லாத ஆட்டம். பாறைக்குப் போய்விட்டு வந்திருந்தாள், முழங்கால்வரை பச்சைப் படலம் ஒட்டியிருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து வழக்கம்போலப் பாதத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள், விரல்களை அசைக்கச் சொன்னாள், நல்லது என்றாள்.

“எப்படியிருக்கு டாக்டரே?”

“நல்லா இருக்கு. பிரமாதமா இருக்கு.” அவள் கட்டுத்துணியின் நூல் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். “செஞ்சு வச்சிருந்த பசை அவ்வளவும் உங்களுக்கே தீந்துபோச்சு அக்கா. உயிரோட இருக்கிற நார் வேணும், அதுலதான் எடுக்க முடியும். பாறையில இன்னும் கொஞ்சம்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. இந்த மாசம் தாண்டாது.”

“செரி.”

“எத்தனையோ பேர் கேட்டு வாராங்க. எங்கம்மா நேத்து அடுக்களைக்குத் தவழ்ந்து போனாங்க.”

“செரி டாக்டரே.”

வெளியே கடல் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வினோலியா சேலை முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள், குரல் தாழ்ந்துபோய், சலேத்தம்மாளின் முகத்தைப் பார்க்காமல், கேட்டாள்:

“அக்கா, உங்க நேர்ச்சை… அது எப்ப?”

சலேத்தம்மாள் அவளைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது வினோலியாமேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வந்தது வேறொன்று, தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை இன்னொரு கை பிடிக்கும் என்று நினைத்து விட்டபோது அந்தக் கை அங்கே இல்லாததுபோல.

“பலகைய அவுத்து விடுங்க,” என்றாள்.

திருநாளுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஊர் முழுவதும் கரைக்கு வந்தது. பெண்கள் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். அவள் போகிற வழியிலிருந்த ஓட்டாஞ்சில்லையும் முள்ளையும் ஆண்கள் குனிந்து குனிந்து பொறுக்கியிருந்தார்கள். கித்தேரியான் ஈர மணலை வாளியால் தெளித்து மெத்தென்று ஆக்கிவைத்திருந்தார், அதை அவரே செய்தார், யாரையும் விடவில்லை. அருளப்பன் அக்காளைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து தண்ணீரோரம் நிறுத்தினான். வினோலியா கூட்டத்துக்குப் பின்னால் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சலேத்தம்மாள் இடது காலை முதலில் மடக்கினாள். பிறகு வலது காலை மடக்கினாள்.

கடல் மூச்சு விட்டது. தொலைவில் ஒரு மடிப்பு எழுந்து, நிமிர்ந்து, நுரை கட்டி, பச்சைப் படலத்தையும் செத்த சொறிமீன்களையும் தூக்கிக்கொண்டு வந்து கரையில் அறைந்தது. ஒருவரும் கத்தவில்லை. யாரோ மாதா பிரார்த்தனையைத் தொடங்கினார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், அவள் வலது முட்டியை ஒரு முறை முன்னால் வைத்தாள், ஒரு அலை வந்தது, இடது முட்டியை வைத்தாள், வலது முட்டியை வைத்தாள், இன்னொரு அலை வந்தது, மணலில் அவள் முட்டி இழுத்த கோட்டில் தண்ணீர் ஏறி நிரம்பி அவளுக்குப் பின்னாலேயே தொடர்ந்தது, அலை உயர உயரப் பாட்டு உயர்ந்தது, பாட்டு உயர உயர அவள் உதடுகளைக் கடித்துக்கொண்டாள், எந்த இடத்தில் ஒட்டினது விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது, பனையோலைப் பந்தல் கடை தாண்டி, சிலுவை நிற்கிற குருசடியில் திரும்பும் முன்னால், அங்கே தெரிந்தது, அதற்குப் பிறகும் பாதித் தூரம் இருந்தது, அவள் நிற்கவில்லை. நின்றால் இவ்வளவு தூரம் வந்ததும் வீண் என்று நினைத்தாள். கோயில் படிகளை ஏறினாள். பீடத்துக்கு முன்னால் வந்ததும் வேண்டிக்கொள்ள எதுவும் இல்லாமல் கொஞ்சநேரம் இருந்தாள். எழ முடியவில்லை. நாலு பேர் தூக்கி வந்தார்கள், தூக்கியவர்களில் ஒருவர் அழுதுகொண்டே இருந்தார்.

அன்று வள்ளங்கள் போயின. மாலைக்குள் நெத்திலி வந்தது, வெள்ளித்தாள்போலக் கரை முழுக்க வந்தது. அரிசி முறங்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். ஊர் தூங்கியது.

முட்டியைத் திறந்து பார்த்த டாக்டர், மெத்தை என்று சொல்ல அங்கே இனி எதுவும் இல்லை, பசை தடவவும் ஒரு விளிம்பு வேண்டுமே என்றார். வினோலியா அதற்குப் பிறகு ஒரு முறை வந்தாள். பாறையில் சிப்பிக் குஞ்சுகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. ஐஸ்பெட்டி நிறைய நார் இருந்தது. அருளப்பன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள், இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை, பிறகு போய்விட்டாள். அந்த நாரில் எடுத்த பசை யாருடைய முட்டியிலாவது பிடித்ததா, அவள் தாய் நடந்தாளா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் வேறு எதையெல்லாம் கேட்கவேண்டி வருமோ என்று கேட்காமல் இருந்துவிட்டார்கள். சலேத்தம்மாளின் வாசலை இப்போது எல்லோரும் வேகமாகத் தாண்டினார்கள். மீன் மட்டும் கொடுத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று தெரியாமல் வாசல் திண்டில் நல்ல மீனாக, பெரிய மீனாக, தினமும் இருந்தது.

பிரகாசி சோறு போட்டாள். பெருமூச்சு விடாமல் இருக்க அவள் மூச்சையே பிடித்துக்கொண்டு போடுவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு தின்பது பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு தின்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் சாப்பாடு முடிந்ததும் பிரகாசி ஒரு சுளகு நிறைய நெத்திலியைக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள்.

“நானே கிள்ளிருவேன் மைனி. ஆனா உலையும் வச்சிருக்கேன்…”

“வச்சிட்டுப் போ.”

பிரகாசி சுளகைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சலேத்தம்மாள் கையை நீட்டிச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு நெத்திலியை எடுத்தாள், நகத்தால் தலையைக் கிள்ளி, அதோடு வரும் குடலை இழுத்து, உடலைச் சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.